கடற்காகத்தின் பினியல் சுரப்பி: எட்டு ஸ்லைடுகள் கொண்ட ஒரு பெட்டியைப் பற்றி

பறவையின் தலைக்குள் இருந்துகொண்டு ஒளியை உணர்ந்து நேரத்தைக் கணக்கிடும் பினியல் சுரப்பியை மாணவர்களுக்குக் காட்ட முயன்ற ஆசிரியர்களுக்கு அது எவ்வளவு எளிதில் கைதவறிப் போகும் என்பது தெரிந்திருக்கும். பெருமூளையின் இரண்டு அரைக்கோளங்களும் பின்னாலிருக்கும் சிறுமூளையும் சந்திக்கும் முக்கோண இடுக்கில், மண்டை ஓட்டுக்கு நேர் கீழே, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு சிறு முடிச்சாக அது இருக்கிறது. அடியில் மெல்லிய காம்பு ஒன்றினால் மூளையின் கூரையோடு இணைந்திருக்கும் அதன் மேல்நுனி, மூளையைப் போர்த்தியிருக்கும் டியூரா உறையோடு ஒட்டியிருக்கும். ஆகவே ஓட்டை நெம்பி எடுக்கும்போது காம்பு அறுந்து சுரப்பியும் ஓட்டோடு வந்துவிடும். அந்தக் காலத்தில் கோழித் தலையை அறுத்துப் பார்த்த வகுப்புகளில் மாணவர்கள் மூளையின் மேல் பினியலைத் தேடிக்கொண்டிருக்க, அது குப்பைத் தட்டில் கிடக்கும் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2011-ஆம் ஆண்டில் விலங்குகளை அறுத்துப் பார்க்கும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிடும்படி நெறிமுறை வெளியிட்ட பிறகு அந்தத் தேடலும் நின்றுபோயிற்று. இப்போது திசுவியல் வகுப்பு என்றால் விலைக்கு வாங்கிய நிரந்தர ஸ்லைடுகள்தான். அவை சரியாக இருந்தால் பாடம் சரியாக இருக்கும். அவற்றில் பிழை இருந்தால், அந்தப் பிழையே மூன்று ஆண்டுகளுக்குப் பாடமாகிவிடும்.

அந்த எச்சரிக்கையோடுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஐரோப்பியத் தயாரிப்பு, இங்குள்ள ஒரு முகவர் வழியாக வந்தது. சில குறைகளைச் சொல்லப் போவதால் இருவர் பெயரையும் விட்டுவிடுகிறேன். மரப் பெட்டிக்குள் எட்டு ஸ்லைடுகள், இருபது பக்கக் கையேடு ஒன்று, அதே ஸ்லைடுகளின் டிஜிட்டல் படங்களை ஓராண்டுக் காலம் இணையத்தில் பார்ப்பதற்கான அனுமதி ஆகியவை இருந்தன. இறக்குமதிச் செலவு உட்பட பதினோராயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆயிற்று. இரண்டு பருவங்கள் வகுப்பில் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். எட்டு ஸ்லைடுகளும் ஹெர்ரிங் கடற்காகம் என்ற ஒரே இனத்திலிருந்து எடுத்தவை என்று கையேடு சொல்கிறது. ஒரே உறுப்பை, ஒரே இனத்தில், எட்டு விதமாகச் சாயமேற்றியும் வெட்டியும் காட்டும் தொகுப்பு கல்லூரிச் சந்தையில் அரிது. வழக்கமாகக் கிடைப்பவை ‘பறவை, பினியல், குறுக்குவெட்டு’ என்று எழுதிய ஒற்றை ஸ்லைடுகள்தான். எந்தப் பறவை என்று கேட்டால் பதில் வராது.

கடற்பறவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆந்தைகளில் மிகச் சிறுத்திருக்கும் பினியல், பெட்ரல், பென்குயின் போன்ற கடற்பறவைகளில் பெரியதாக இருப்பதை உடற்கூறியலாளர்கள் நெடுங்காலமாகக் குறித்து வந்திருக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் வாழும் ஜென்டூ பென்குயினின் பினியலை 1970-களிலேயே அர்ஜென்டினா ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பகலின் நீளம் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறும் நாடுகளில் வாழும் பறவைக்கு ஒளியை அளக்கும் உறுப்பு ஒன்று அவசியம் என்பதால் அவர்களுடைய ஆர்வம் புரிந்துகொள்ளக்கூடியதே. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ‘கடற்பறவையின் தலையிலுள்ள சுரப்பி’ என்றதும் என் மாணவர்களில் பாதிப் பேர் உப்புச் சுரப்பியைத்தான் சொல்வார்கள். அது கண்ணுக்கு மேலே, மண்டை ஓட்டுக்கு வெளியே இருப்பது. உடலில் மிகுந்துபோன உப்பை அடர்ந்த கரைசலாக மூக்கு வழியே வெளியேற்றுவது. மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இந்த வேறுபாட்டை ஒரு கோட்டுப் படத்தால் விளக்கியிருப்பதைப் பாராட்ட வேண்டும்.

முதல் ஸ்லைடு பொரிப்பதற்குச் சற்று முந்தைய நிலைக் குஞ்சின் தலை நடுக்கோட்டில் நெடுக்காக வெட்டிய சீவல். எலும்பிலுள்ள கால்சியத்தை முன்பே கரைத்துவிட்டதால் ஓட்டோடு சேர்த்தே வெட்ட முடிந்திருக்கிறது. நான் மேலே சொன்ன கைதவறும் சிக்கலுக்கு இதுவே நல்ல தீர்வு. ஓடு, டியூரா உறை, அதில் தொங்குவது போலப் பினியல், அதன் காம்பு, காம்பு போய்ச் சேரும் மூன்றாம் மூளைக்குழியின் கூரை ஆகிய அனைத்தும் அவற்றுக்குரிய இடத்திலேயே தெரிகின்றன. கருவளர்ச்சியில் இந்தச் சுரப்பி அந்தக் கூரையிலிருந்து வெளிநோக்கிப் பிதுங்கிய ஒரு பையாகத்தான் தொடங்குகிறது என்பதை வாயால் விளக்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிடுகிறது இந்த ஒரு சீவல். நான்கு மடங்கு உருப்பெருக்கத்திலேயே காட்டிவிடலாம்.

இரண்டாம் ஸ்லைடும் மூன்றாம் ஸ்லைடும் வளர்ந்த பறவையின் பினியலில் குறுக்காகவும் நெடுக்காகவும் எடுத்த சீவல்கள். ஹீமட்டாக்ஸிலின், இயோசின் என்ற வழக்கமான இரட்டைச் சாயம் ஏற்றியவை. எந்த ஸ்லைடு புதிதாக வந்தாலும் நான் முதலில் தேடுவது உறுப்பை அல்ல, இரத்தக்குழாயை. பறவையின் சிவப்பணு நீள்வட்டமானது, நடுவில் உட்கரு கொண்டது, நீளவாக்கில் ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் இருப்பது. உட்கரு இல்லாத வட்டச் சிவப்பணுக்கள் தெரிந்தால், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் அது பாலூட்டியின் திசு. இப்படி ஒருமுறை ‘புறா’ என்று எழுதிய எலியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பெட்டியில் அந்தச் சோதனையில் எட்டும் தேறின. சிவப்பணு வேறொரு வகையிலும் உதவும். மெழுகில் பதிக்கும்போது திசு கணிசமாகச் சுருங்கிவிடும் என்பதால் கையேட்டில் அச்சிட்ட அளவுகளை அப்படியே நம்பக் கூடாது. அதே சீவலில் கிடக்கும் சிவப்பணுவை ஓர் உத்தேச அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற செல்களை ஒப்பிடுவது மேல்.

குறுக்குவெட்டில் சுரப்பியைச் சுற்றி இணைப்புத் திசுவாலான உறை தெரிகிறது. அந்த உறையிலிருந்து உள்ளே புகும் தடுப்புகள் சுரப்பியைக் கதுப்புகளாகப் பிரிக்கின்றன. இரத்தக்குழாய்கள் இந்தத் தடுப்புகளின் வழியேதான் ஓடுகின்றன. ஒவ்வொரு கதுப்புக்குள்ளும் செல்கள் ஒரு குறுகிய உள்வெளியைச் சுற்றி வட்டமாக அமர்ந்திருக்கின்றன. பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்தவர்கள்போல எல்லாச் செல்களின் முகமும் உள்வெளியை நோக்கியே இருக்கும். ஃபாலிக்கிள் எனப்படும் இந்த நுண்பைகளின் அமைப்பை வைத்தே பறவைப் பினியலை மூன்று வகைகளாகச் சொல்வது வழக்கம். சிட்டுக்குருவியைப் போன்றவற்றில் பெரிய உள்வெளி கொண்ட ஒற்றைப் பையாகவும், புறாவிலும் வாத்திலும் பல குழல்களும் நுண்பைகளுமாகவும், வளர்ந்த கோழியில் உள்வெளி பெரும்பாலும் அடைபட்டுத் திண்மமாகவும் இருக்கும். என் கையிலுள்ள சீவல்களைப் பார்த்தால் இந்தக் கடற்காகம் இரண்டாம் வகையை ஒட்டியே நிற்கிறது. கையேடு மூன்று வகைகளையும் விளக்கிவிட்டு, தான் விற்கும் பறவை எந்த வகை என்று சொல்லாமல் நகர்ந்துவிட்டது வியப்பாக இருந்தது.

இரண்டாம் ஸ்லைடில் இன்னொன்றையும் கவனித்தேன். தடுப்புகளை ஒட்டி, சிறிய, கருமையான உட்கரு கொண்ட செல்கள் கூட்டங்கூட்டமாக இருக்கின்றன. மாணவர்கள் அவற்றையே பினியலின் முதன்மைச் செல்கள் என்று வரைந்துவிடுகிறார்கள். கோழிப் பினியலில் நிணநீர்ச் செல்கள் இவ்வாறு வந்து குவிவது நன்கு அறியப்பட்ட செய்தி. இங்கும் அதுவாகவே தோன்றுகிறது. வெளிர்நிறமான வட்ட உட்கருவும், உள்வெளியை நோக்கி நீண்ட உடலும் உள்ளவைதான் பினியலோசைட்டுகள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் ஸ்லைடில் திசுவை நிலைப்படுத்தப் பயன்பட்ட பிக்ரிக் அமிலக் கலவையை நன்றாகக் கழுவாததால் பின்புலம் முழுவதும் மஞ்சளாக இருக்கிறது. கண்ணுக்கு உறுத்தலாக இருந்தாலும் பாடத்துக்குத் தடையில்லை.

இந்தப் பெட்டியை நான் வைத்துக்கொண்டதற்கு முழுக் காரணம் எட்டாம் ஸ்லைடு. மெழுகுக்குப் பதிலாக ரெசினில் பதித்து, ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, டொலுயிடின் நீலம் ஏற்றியிருக்கிறார்கள். மெழுகுச் சீவல் ஐந்து முதல் ஏழு மைக்ரோமீட்டர் தடிமன் உடையது என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் செல் எல்லைகள் குழம்பித் தெரியும். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸைப் போட்டு ஒரு நுண்பையின் உள்வெளியில் குவியப்படுத்தினால், பினியலோசைட்டின் தலைப்பகுதி குமிழ்போல் உள்வெளிக்குள் நீட்டிக்கொண்டிருப்பதும், அதன் நுனியிலிருந்து மயிரிழை போன்ற ஒன்று புறப்படுவதும் தெரிகின்றன. பக்கத்திலேயே தாங்கு செல்கள் ஒல்லியான உடலோடு, நீண்டு கறுத்த உட்கருவோடு நிற்கின்றன. முதன்முதலாக அதைக் கண்டபோது, விழித்திரைச் சீவலைத் தவறுதலாக வைத்துவிட்டேனோ என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்த ஐயம் வீண் அல்ல. கண்ணின் கோல் செல்லும் கூம்பு செல்லும் எப்படி அமைந்திருக்கின்றனவோ, பறவைப் பினியலோசைட்டும் ஏறக்குறைய அந்த வரைபடத்தின்படியே அமைந்திருக்கிறது: மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருங்கிய உட்பகுதி, அதிலிருந்து கிளம்பும் ஒரு குறுயிழை, அதன் நுனியில் ஒளியைப் பற்றும் வெளிப்பகுதி. மீனிலும் தவளையிலும் இந்த வெளிப்பகுதி விழித்திரையில் இருப்பது போலவே அடுக்கடுக்கான தகடுகளாக ஒழுங்காக இருக்கும். பறவையில் அது சிதைந்து, குமிழாகவோ ஒழுங்கற்ற சில மடிப்புகளாகவோ குறுகிவிட்டது. பாலூட்டியில் அறவே இல்லை. கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் உள்ள இரண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் ஒன்று குறுயிழையின் குறுக்குவெட்டு. ஒன்பது இரட்டை நுண்குழல்கள் வட்டமாக நிற்க, நடுவே ஒன்றுமில்லை. அசையும் குறுயிழைகளுக்கு நடுவில் இன்னும் இரண்டு குழல்கள் இருக்கும். அவை இல்லாத இந்த அமைப்பு அசையாத, உணரும் வேலைக்கான குறுயிழையின் அடையாளம். ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் எல்லை 0.2 மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிடுவதால், எட்டாம் ஸ்லைடில் மயிரிழையாக மட்டுமே தெரிந்ததன் உள்ளமைப்பை இந்தப் படம்தான் சொல்கிறது. ஸ்லைடையும் படத்தையும் இப்படிக் கைகோத்து வைத்த தொகுப்பாளர் இந்த உறுப்பை உண்மையில் அறிந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அதே பறவையின் விழித்திரைச் சீவல் ஒன்றையும் சேர்த்திருந்தால் பாடம் முழுமை பெற்றிருக்கும். அதற்கு இடம் வேண்டுமென்றால் மஞ்சள் படிந்த மூன்றாம் ஸ்லைடை எடுத்துவிட்டிருக்கலாம்.

இந்த ஒற்றுமை வடிவத்தோடு நிற்பதில்லை என்பதையும் கையேடு சுருக்கமாக நினைவூட்டுகிறது. கோழிப் பினியலில் நீல ஒளியை உணரும் பினாப்சின் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1994-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். கோழிக்குஞ்சின் பினியல் செல்களைத் தனியே பிரித்து வளர்ப்புக் கரைசலில் வைத்தாலும், அவை இந்தச் சுரப்பியின் இயக்குநீரான (ஹார்மோன்) மெலடோனினை இரவில் பெருக்கியும் பகலில் குறைத்தும் தங்கள் தாளத்தைத் தொடர்கின்றன. ஒளி பட்டால் உற்பத்தியைக் குறைக்கின்றன. மைக்கேல் மெனக்கரும் உடன் ஆய்வாளரும் 1968-இல் சிட்டுக்குருவியின் பினியலை அகற்றியபோது, தொடர்ந்த இருட்டில் அந்தக் குருவியின் நடமாட்டத் தாளம் குலைந்துபோயிற்று. பின்னாளில் வேறொரு குருவியின் பினியலைக் கண்ணின் முன்னறையில் பொருத்தியபோது தாளம் திரும்பியது. அது மட்டுமன்றி, கொடுத்த குருவியின் நேரக் கணக்கே பெற்ற குருவிக்கும் வந்து சேர்ந்தது. ஒளியை உணர்வது, நேரத்தைக் கணக்கிடுவது, இயக்குநீரைச் சுரப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே செல்லில் வைத்திருக்கும் உறுப்பு இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் பின்னால் சொல்லப்போகும் பெரிய குறையை எடைபோட வேண்டும்.

நான்காம் ஸ்லைடு இணைப்புத் திசுவை நீலமாகக் காட்டும் மேசன் முச்சாயம் ஏற்றியது. தடுப்புகளை வரைய வைப்பதற்கு வசதியானது, வேறு சிறப்பில்லை. ஐந்தாவது வெள்ளி உப்பால் நரம்பிழைகளைக் கறுப்பாக்கிய சீவல். மேல்கழுத்து நரம்பு முடிச்சிலிருந்து வரும் பரிவு நரம்பிழைகள் இரத்தக்குழாய்களோடு சேர்ந்து சுரப்பிக்குள் நுழைவதைக் காட்ட வேண்டியது இது. பாலூட்டிகளில் இந்த நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின் இரவில் மெலடோனின் உற்பத்தியைத் தூண்டுகிறது. கோழியிலோ அதே பொருள் உற்பத்தியை அடக்குகிறது. ஒரே கம்பி இரண்டு வீட்டில் இரண்டு வேலை செய்வது போன்ற இந்த வேறுபாடு வகுப்பில் எப்போதும் நல்ல கேள்விகளைக் கிளப்பும். ஆனால் ஸ்லைடில் மூடுகண்ணாடிக்கு அடியில் ஒட்டும் பிசினைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் லென்ஸுக்கும் மூடுகண்ணாடிக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பிசின் அதைத் தின்றுவிடுவதால் குவியம் திசுவை எட்டுவதற்கு முன்பே லென்ஸ் கண்ணாடியில் இடித்துவிடுகிறது. மெல்லிய நரம்பிழையைப் பார்க்க வேண்டிய ஸ்லைடில் நாற்பது மடங்கோடு நின்றுகொள்ள வேண்டியிருப்பது குறைதான். எங்கள் ஆய்வக உதவியாளர் ஒரு லென்ஸைக் கீறவிருந்த நொடியில் அதைக் கண்டுபிடித்தார்.

ஏழாம் ஸ்லைடில் நடந்தது கவனக்குறைவு. லேபிளில் ‘பினியல் காம்பு, குறுக்குவெட்டு’ என்று இருந்தது. நுண்ணோக்கியில் வைத்தபோது தெரிந்ததோ கோராய்டு பின்னல்: மெல்லிய மடிப்புகள், ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் சிவப்பணுக்கள் நிறைந்த தந்துகி, மேலே ஒற்றை வரிசையில் கனசதுரச் செல்கள். மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சுரக்கும் இந்தப் பின்னல் காம்புக்கு மிக அருகில், அதே மூளைக்கூரையிலிருந்து புறப்படுவது. ஆகவே மெழுகுக் கட்டியில் வெட்டும் கோணம் சற்றே சாய்ந்தால் காம்பைத் தாண்டிப் பின்னலுக்குள் போய்விடலாம். அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஆனால் வெட்டிய பிறகு, சாயமேற்றிய பிறகு, லேபிள் ஒட்டுவதற்கு முன் ஒருவராவது பார்த்திருக்க வேண்டும். திசுவியல் தெரியாத கல்லூரியில் இந்த ஸ்லைடு காம்பாகவே காலம் கழித்திருக்கும். நான் புகைப்படத்தோடு முகவருக்கு எழுதியதற்கு, சரியான ஸ்லைடு ஒன்றை ஏழு வாரங்களில் கட்டணமின்றி அனுப்பி வைத்தார்கள். இரண்டாவதாக வந்ததில் காம்பும், அதன் நடுவில் மூளைக்குழியின் எச்சமான சிறு துளையும் ஐயமின்றித் தெரிகின்றன.

இணையவழிப் படங்கள் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்கேனர் ஒரே குவியத் தளத்தில் படமெடுப்பதால் மெழுகுச் சீவல்களின் உள்வெளிகளில் சில இடங்கள் மங்கலாகின்றன. கண்ணாடி ஸ்லைடில் நுண்குவியத் திருகைச் சற்றே முன்னும் பின்னும் திருப்பிப் பெறும் ஆழ உணர்வு திரையில் கிடைப்பதில்லை. எட்டாவது மெல்லியதாக இருப்பதால் அதில் மட்டும் இந்தக் குறை தெரியவில்லை. நாற்பது மாணவர்களுக்கு ஆறு நுண்ணோக்கிகள் இருக்கும் கல்லூரியில் திரையில் ஒன்றாகக் காட்டிவிட்டுப் பிறகு நுண்ணோக்கிக்கு அனுப்புவது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஓராண்டு முடிந்ததும் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்கும் தொகை, பெட்டியின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கண்ணாடி என் அலமாரியில் இருக்கும்போது அதன் நிழலுக்கு ஆண்டுதோறும் வாடகை கட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி ஆறாம் ஸ்லைடு. செரடோனினுக்கு எதிரான ஆன்டிபாடியைக் கொண்டு, அது இருக்கும் செல்களைப் பழுப்பாக்கிக் காட்டும் நோயெதிர்ப்புச் சாயமுறையில் செய்தது. இத்தகைய ஸ்லைடு கல்லூரித் தொகுப்பில் வருவதே அபூர்வம், விலையின் பெரும்பகுதியும் இதற்காகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வேலைப்பாட்டில் குறையில்லை, பினியலோசைட்டுகள் பழுப்பாகவும் தாங்கு செல்கள் நிறமின்றியும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் இதைப் பார்த்த முதல் நாளே ஒரு மாணவி கேட்டாள்: “சார், இந்தப் பறவையிலிருந்து சுரப்பியைப் பகலில் எடுத்தார்களா, இரவில் எடுத்தார்களா?”

இந்தச் சுரப்பியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். மெலடோனினை 1958-இல் ஆரோன் லெர்னர் குழுவினர் மாட்டின் பினியலிலிருந்து பிரித்தெடுத்த பிறகு அதன் உற்பத்திப் பாதை தெளிவாகிவிட்டது: செரடோனின்தான் மூலப்பொருள். இரவில் ஒரு நொதி வேகம் பெற்று செரடோனினை மாற்றத் தொடங்குவதால் செல்லில் அதன் இருப்பு குறையும். பகலில் நொதி அடங்கியிருப்பதால் இருப்பு கூடும். அப்படியானால் ஆறாம் ஸ்லைடில் தெரியும் பழுப்பின் அடர்த்தி, ஆன்டிபாடியின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. திசுவை நிலைப்படுத்திய மணியையும் பொறுத்தது. நண்பகல் பினியலையும் நள்ளிரவுப் பினியலையும் அருகருகே வைத்திருந்தால், இந்த ஒற்றைப் பெட்டி உடலியல் வகுப்புக்கும் பயன்பட்டிருக்கும். அது செலவு என்றால், குறைந்தபட்சம் மணியையாவது எழுதியிருக்கலாம். கையேட்டில் இருப்பது ‘வட கடற்கரை, 54-ஆம் அட்சரேகை, கோடை’ என்ற மூன்று குறிப்புகள் மட்டுமே.

‘கோடை’ என்ற சொல்லும் அந்த அட்சரேகையில் போதாது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான். வட கடற்கரையில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம், டிசம்பர் பகல் ஏழரை மணி நேரம். ஜூன் நள்ளிரவிலும் வானம் முழுதாகக் கறுப்பதில்லை. அங்கே ஜூன் கடைசியில் எடுத்த பினியலும் ஆகஸ்ட் கடைசியில் எடுத்த பினியலும் வேறு வேறு இரவுகளை அறிந்தவை. இன்னும் துருவத்தை நெருங்கினால் இது மேலும் கூர்மையாகும். சூரியனே மறையாத கோடை நாட்களில் அடேலி பென்குயின்களின் இரத்தத்தில் மெலடோனினின் இரவு பகல் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிவதில்லை என்று அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. இனப் பெயரை இலத்தீனில் பிழையின்றி எழுதி, நிலைப்படுத்திய கரைசலின் விகிதத்தையும் சீவலின் தடிமனையும் பதிந்த ஒரு தயாரிப்பாளர், நேரத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்ட உறுப்பை விற்கும்போது நேரத்தை எழுதாமல் விட்டது எனக்கு இன்றுவரை சமாதானமாகவில்லை. கல்லீரலுக்கோ சிறுநீரகத்துக்கோ இந்த விவரம் இல்லாவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. காட்டுப் பறவையின் உறுப்பு என்பதால், அது எங்கிருந்து, எந்த அனுமதியின் கீழ் எடுக்கப்பட்டது என்ற சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். எங்களுக்கு அது பெட்டிக்குள்ளேயே வந்தது. பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் குளிர்காலத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூட்டமாக வந்து தங்குவதைக் கண்டு, கரையொதுங்கிய ஒன்றை எடுத்து நாமே ஸ்லைடு செய்துகொள்ளலாம் என்று சில மாணவர்கள் ஆர்வத்தோடு கேட்பதுண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது வனத்துறை அனுமதியின்றி அதைத் தொடக்கூடாது. பறவைக் காய்ச்சல் அச்சமும் உண்டு. இளநிலை வகுப்புக்கு மட்டும் வாங்குவதானால் முதல், இரண்டாம், எட்டாம் ஸ்லைடுகளைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். முகவர் முதலில் மறுத்தாலும் பிறகு தருகிறார் என்று பக்கத்துக் கல்லூரி நண்பர் சொன்னார். முதுநிலை வகுப்பு உள்ளவர்கள் முழுப் பெட்டியையும் வாங்கலாம். வந்தவுடன் ஏழாவதைச் சோதித்துவிட்டு இரசீதில் கையெழுத்திடுங்கள்.

ஏழாம் ஸ்லைடைப் பற்றி எழுதிய அதே கடிதத்தில் ஆறாம் ஸ்லைடின் மணியையும் கேட்டிருந்தேன். மாற்று ஸ்லைடோடு ஒரு தாளும் வந்தது: அவர்களுடைய சேகரிப்புப் பதிவேட்டின் நகல். பறவையின் எடை, பால், இறகின் நிலை, இடம், தேதி என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. தேதி ஜூலை 9. மணிக்கான கட்டம் அந்தப் பதிவேட்டிலேயே இல்லை. தாளை மடித்து ஆறாம் ஸ்லைடின் பள்ளத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். அந்த மாணவியின் கேள்வியைப் பென்சிலால் அதன் மேல் எழுதியிருக்கிறேன்.